வாரண்ட் இல்லாமல் போன அரிவாள்மணை

1

போன சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். நான் அடுப்படி வாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து பலாக்காய் அரிந்துகொண்டிருந்தேன். கை முழுக்க எண்ணெய், நைட்டி முழுக்கப் பலாப்பால். இந்தக் கோலத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பார்க்க எந்த அரசாங்கத்துக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி.

அவர்கள் கொஞ்சம் நிற்கட்டும். வெயில் இன்னும் ஏறவில்லை. அதற்குள் உங்களுக்கு முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கோமதி. அம்பாசமுத்திரத்துக்காரி. ஃபிஜித் தீவில், சுவாவிலிருந்து பஸ் ஏறி நவுசோரிப் பாலத்தைத் தாண்டி வந்தால் வுனிமோனோ என்று ஓர் ஊர். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து பாதி ஆயுளுக்கு மேல் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஆறுமுகம் இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர். பிறப்புச் சான்றிதழ் எழுதிய குமாஸ்தாவின் புண்ணியத்தில் அரசாங்கத்துக்கு அவர் 'ஆர்மோகம்'. கோயம்புத்தூரில் விவசாயம் படிக்க வந்து, என் அண்ணனோடு ஒரே விடுதி அறையில் தங்கி, கடைசியில் என்னையும் சேர்த்துப் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அவர் பேசுகிற தமிழ் தாத்தா காலத்து வட ஆற்காட்டுத் தமிழ். உட்கார் என்று அவர் வாயில் வராது, 'குந்து' என்றுதான் வரும். என் திருநெல்வேலிக் காது பழகுவதற்குள் ஒரு பிள்ளையே பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளைதான் பவித்ரா.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டு முன்னால் யார் நடந்து போனாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, 'மாய் கானா' என்று கூப்பிட வேண்டும். வந்து சாப்பிடு என்று அர்த்தம். கூப்பிடப்பட்டவர் 'வினாகா, வினாகா' என்று நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இது ஃபிஜியர் பழக்கம். நம் ஆட்கள் இதை ஒரு சின்னத் திருத்தத்தோடு எடுத்துக்கொண்டார்கள். ஆறுமுகம் கூப்பிட்டால் நிஜமாகவே வந்து சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாளைக்கு முகம் தொங்கிப்போய்விடும்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்குள் போலீஸ்காரர் நுழைந்தால் ஜன்னலைச் சாத்துவோம். தபால் ஆபீசில் வேலை பார்த்த என் அப்பா, ஊரான் வீட்டுப் புளியங்காயைக்கூடத் தொடாத மனுஷர், சைக்கிளில் ஒரு காக்கிச் சட்டை போனால் கட்டிலுக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார். நான் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் சாத்துகிற குடும்பத்தில் பிறந்து, சோறு போடக் கூப்பிடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, வாரண்ட் எங்கே என்று கேட்கிற பெண்ணைப் பெற்றேன். என் தலையெழுத்து அப்படி.

2

எங்கள் வீட்டுக் கூரைத் தகரத்தை நாங்கள் ஒருமுறைதான் மாற்றியிருக்கிறோம். இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை அதைவிட அதிகம் முறை மாற்றிவிட்டார்கள். தகரம் புயலில் பறந்தது. சட்டம் பறந்ததற்குப் புயலைக் குற்றம் சொல்ல முடியாது.

ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்தபோது பவித்ரா சின்னப் பிள்ளை. ஸ்கூல் லீவு என்று குதித்தாள். இந்திய வம்சத்துப் பிரதமர் கூடாது என்று அடுத்த கலகம் வந்தபோது அவள் சுவாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை குதிக்கவில்லை. வகுப்புகளை மூடிவிட்டார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெட்டிக்குள் துணியைவிடப் புத்தகம்தான் கனம். அதிலேயே கனமானது அரசியல் சட்டம் பற்றிய புத்தகம்.

வந்த அன்றைக்கே அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் எங்கள் அடுப்படி மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள். வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த மேசை நின்றுவிட்டது.

"படிக்கற புத்தகத்தைக் கொண்டுபோய் மேசைக்கு முட்டுக் குடுக்கியே, இது நல்லாருக்காட்டி?" என்றேன்.

"இப்பதாம்மா அது உருப்படியா ஒரு வேலை செய்யுது" என்றாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பவித்ராவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் பதில் இங்கிலீஷில் வரும், கோபம் வந்தால் ஃபிஜி இந்தியில் வரும். இங்கே அவள் தமிழில் பேசுவதாக நான் எழுதுவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு.

அந்த மாதங்களை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. உள்ளே தள்ளியிருந்த ஊர்களில் நம் ஆட்களின் வீடு புகுந்து மாட்டை ஓட்டிப் போகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. எங்கள் சாலையில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் சாமான் கட்டினார்கள். ஆறுமுகத்தின் தம்பி நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குப் போய் அங்கிருந்து 'இங்கே ராத்திரி கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். குளிரில் எவன் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவான், புளுகன். ஆனால் பவித்ரா நியூசிலாந்துக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டாள். சட்டமே இல்லாத நாட்டில் சட்டம் படித்து என்ன கிழிக்கப் போகிறேன் என்பது அவள் கேள்வி. ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் இந்தப் பெரிய வீட்டில் நானும் ஆறுமுகமும் மூஞ்சியை மூஞ்சி பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்தப் பயத்தை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, நிறையச் சமைத்தேன்.

3

அப்படி ஒரு காலையில், நாங்கள் மூவரும் தின்பண்டமும் டீயுமாகத் தாழ்வாரத்தில் இருந்தபோது, சாலையில் ராணுவ லாரி ஒன்று நின்றது. சிப்பாய்கள் இறங்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் மட்டும் எங்கள் கேட்டை நோக்கி வந்தார்கள். ஒருவர் கார்ப்பரல் இசிகேலி. எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்துக்காரர், கதவில் ஒருக்களித்துத்தான் நுழைய முடிகிற உடம்பு, என்னைவிட நன்றாக இந்தி பேசுவார். கூட வந்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு கான்ஸ்டபிள்.

அவர்கள் கேட்டைத் தொடுவதற்குள் பவித்ரா ஓடிப்போய் உள்பக்கம் நின்றாள்.

"வாரண்ட் இருக்கா?"

"வாரண்ட் இல்ல தங்கச்சி, ஆர்டர் இருக்கு" என்றார் இசிகேலி. "வீடு வீடா ஆயுதம் தேடச் சொல்லியிருக்காங்க."

"ஆர்டரைக் காட்டுங்க."

"அது வாயால வந்த ஆர்டர்."

"காரணமில்லாம ஒருத்தர் வீட்டைச் சோதனை போடக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துல இருக்கு."

"எந்த அரசியல் சட்டம்? அதைத்தான் ரத்துப் பண்ணிட்டாங்களே, ரேடியோ கேக்கலையா?"

"அது ரத்துன்னா உங்களுக்கு இந்த உடுப்பைக் குடுத்த அதிகாரமும் ரத்து. அப்புறம் எதை வெச்சுக்கிட்டு என் கேட் மேல கை வைக்கிறீங்க?"

இசிகேலி கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். சத்தியமாக எடுத்தார், நான் பார்த்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் அந்த மனுஷர் திரும்பிப் போயிருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. தாழ்வாரத்திலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"மாய் கானா. வாங்க, வாங்க. வெய்யில்ல என்னாத்துக்கு நின்னுகினு இருக்கீங்க? உள்ள வந்து குந்துங்கோ."

பவித்ரா திரும்பிய வேகத்தில் அவள் பின்னல் கேட்டில் அடித்தது. "அப்பா, நீங்களா கூப்பிட்டா அது சம்மதம். சம்மதம் குடுத்துட்டா வாரண்டே வேண்டாம்."

"சாப்பிடறப்போ வந்தவங்களை வாசல்ல நிக்கவெச்சா அது என்னா மரியாத? உன் சட்டத்துல சாப்பாடு இல்லியா?"

அரசியல் சட்டத்தில் சாப்பாடு இல்லைதான். அதற்குள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஆறுமுகம் அதோடு விட்டாரா? நங்கோனா கலக்க உட்கார்ந்துவிட்டார். அது ஒரு வேர், இடித்துத் தண்ணீரில் கரைத்தால் சேற்றுத் தண்ணி நிறத்தில் இருக்கும், குடித்தால் நாக்கு மரத்துப்போகும். கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் கையைத் தட்டி வாங்கிக் குடிக்க வேண்டும். ஒரு வீட்டில் அதைக் குடித்தவன் அந்த வீட்டு விருந்தாளி. விருந்தாளி அலமாரியை உருட்ட மாட்டான். இதுதான் ஆறுமுகத்துக்குத் தெரிந்த அரசியல் சட்டம். மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், பார்த்தாயா எப்படி மடக்கினேன் என்கிற மாதிரி.

இசிகேலி மடங்கித்தான் போனார். இரண்டாவது கொட்டாங்கச்சியில் பேச்சு மழைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அந்தச் சின்னக் கான்ஸ்டபிள் கை கழுவ எழுந்தார். அடுப்படி வாசலில் வயல் வேலைக்கான கத்தி தொங்கும், என் கை நீளத்துக்கு. இங்கே அது இல்லாத வீடே கிடையாது, அந்தக் கான்ஸ்டபிள் வீட்டிலும் இருந்திருக்கும். அவர் தம் தொப்பியைக் கழற்றி அந்தக் கத்தியின் பிடியில் மாட்டிவிட்டுத்தான் கை கழுவப் போனார்.

திரும்பி வரும்போது அவர் கையில் என் அரிவாள்மணை இருந்தது. பலகையைப் பிடித்து, வெட்டுவாய் வானத்தைப் பார்க்க, முன்வாசலில் வந்து நின்றுகொண்டு, "சார், இது என்ன?" என்றார்.

இசிகேலிக்குத் தெரியவில்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைந்த வெட்டுவாய், நுனியில் தேங்காய் துருவுகிற பல்சக்கரம், அடியில் பலகை. கல்யாணத்துக்கு என் அம்மா அம்பாசமுத்திரத்தில் பட்டறையில் சொல்லி அடிக்க வைத்தது.

ஆறுமுகம் உதவி செய்ய வந்தார். "அது என் பெண்டாட்டியோடது. இந்தியாவிலேர்ந்து கொண்டாந்தது. கால்ல அழுத்திப் பிடிச்சுகினு வெட்டறது."

"வெளிநாட்டு ஆயுதமா?" என்றார் கான்ஸ்டபிள்.

"அப்பா" என்றாள் பவித்ரா, "பேசாம இருக்கற உரிமைன்னு ஒண்ணு உங்களுக்கு இருக்கு. தயவுசெஞ்சு அதைப் பயன்படுத்துங்க."

இசிகேலி முகம் வாடிவிட்டது. "உங்க வீட்டுல குடிச்சிட்டேன். உங்க பொருளை எடுக்க எனக்கு மனசில்ல. ஆனா இவன் இதைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னுட்டானே. லாரியில இருக்கறவங்க பாத்துட்டாங்க. நான் எடுக்கலைன்னா அவங்க இறங்கி வருவாங்க. அவங்க குடிக்க வர மாட்டாங்க."

என் அரிவாள்மணை ஒரு கோணிச் சாக்கில் சுற்றி லாரிக்குப் போனது. அன்றைக்கு வுனிமோனோ முழுக்கத் தேடி அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அதுதான்.

லாரி போன பிறகு பவித்ரா விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். "சொந்த வீட்டு வாசல்ல நின்னு ஒரு கேள்வி கேட்டேன். அதுக்குப் பதில் இல்லாத ஊர்ல நான் இருந்து என்னம்மா பண்றது?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "போறதுன்னா போட்டீ. ஆனா என் அருவாமனையை மீட்டுக் குடுத்துட்டுப் போ. வக்கீலுக்குத்தானே படிச்சே? முதல் கேஸு உங்க அம்மாவோடதா இருக்கட்டும்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னதும் எனக்கே ஒரு நம்பிக்கை பிறந்தது. ஒரு பொருளையாவது சட்டப்படி திரும்ப வாங்கிவிட்டால் இவளுக்கு மனசு மாறும், இருந்துவிடுவாள் என்று. பவித்ரா என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து மேசைக் காலுக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினாள். டீ என் மேல் கொட்டியது.

4

காவல் நிலையத்தில் முதலில் ரசீது கேட்டாள். எடுத்துப்போன பொருளுக்கு எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்றாள். பொருளின் பெயர் என்ன என்று எழுதுகிறவர் கேட்டார். அரிவாள்மணைக்கு இங்கிலீஷில் என்ன? எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கடைசியில் அவரே பார்த்து எழுதிக் கொடுத்தார்: 'இருக்கையுடன் கூடிய வாள் ஒன்று.'

அதன் பிறகு மனுக்கள். எந்தச் சட்டப்படி எடுத்தீர்கள், என்ன குற்றம் நடந்ததாகச் சந்தேகம், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று மூன்று மனு எழுதினாள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன். இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனாலும் உடம்பு சிலிர்க்கும். ஒவ்வொரு மனுவையும் வாங்கி, வினாகா என்று சொல்லி, ஒரு தட்டில் வைத்தார்கள். முதல் நாள் அதிகாரி வெளியூர். அடுத்த முறை அதிகாரி இருந்தார், அறைச் சாவி வைத்திருப்பவர் ரக்பி பார்க்கப் போயிருந்தார். அடுத்த முறை சாவி இருந்தது, அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். உட்காருங்கள் என்று நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பப்பாளிகூட ஒரு நாள் கொடுத்தார்கள். அம்பாசமுத்திரத்தில் தாலுகா ஆபீசில் 'போ, போ' என்று விரட்டுவார்கள். இங்கே யாரும் விரட்ட மாட்டார்கள். வேலை மட்டும் நடக்காது.

இதே நிலையத்தில்தான் வெளிநாடு போகிறவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழும் வாங்க வேண்டும். பவித்ரா ஒரு கையால் புகார் மனுவும் மறு கையால் நன்னடத்தைக்கு விண்ணப்பமும் நீட்டினாள். சான்றிதழ்தான் முதலில் வந்தது. 'இவர்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள், பாவம்.

வீட்டில் என் நிலைமை என்ன? நின்றுகொண்டு கத்தியால் நறுக்கிப் பார்த்தேன். அவரைக்காய் ஒன்று கட்டை விரலாகவும் இன்னொன்று சுண்டு விரலாகவும் வந்தது. "அவியல்ல காய் ஒண்ணொண்ணும் ஒவ்வொரு திக்குல போயிகினு இருக்கு" என்றார் ஆறுமுகம். அவரால் போனதுதானே எல்லாம் என்று நான் பார்த்த பார்வையில் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு நாள் அதிகாரி, சாவி, சாவிக்காரர் மூன்று பேரும் ஒரே சமயத்தில் இருந்துவிட்டார்கள். பவித்ரா கடகடவென்று சட்டம் பேசினாள். அதிகாரி வயசானவர், ஃபிஜியர், பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிதான். ஆனா இதை எப்படி உபயோகிக்கறதுன்னே எங்களுக்குத் தெரியலையே. தெரியாம எப்படித் திருப்பித் தர்றது?" என்றார்.

நான் பையைத் திறந்தேன். மார்க்கெட்டில் வாங்கிய தேங்காயும் அவரைக்காயும் இருந்தன. "அதைக் கொண்டுவரச் சொல்லுடி" என்றேன் மகளிடம்.

"அம்மா, வேண்டாம். சட்டப்படி அவங்கதான் காரணம் சொல்லணும், நீ நிரூபிக்க வேண்டியதில்ல."

"நீ சும்மா இரி."

சாக்கோடு கொண்டுவந்து வைத்தார்கள். காவல் நிலையத்துச் சிமெண்டுத் தரையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பலகையில் ஒரு காலை வைத்து அழுத்தினேன். இத்தனை நாள் எண்ணெய் காணாமல் ஓரத்தில் லேசாகத் துரு. முந்தானையால் துடைத்துவிட்டு அவரைக்காயை அரிய ஆரம்பித்தேன். எல்லாம் ஒரே அளவில் விழுந்தது. எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு வந்தார். இசிகேலி வந்தார். குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததற்காக உள்ளே வைத்திருந்த ஒருவர் கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தார். தேங்காயை உடைத்து ஒரு மூடியைப் பல்லில் வைத்துத் துருவத் தொடங்கியதும் அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"எங்க அம்மா இப்படித்தான் பலகையில உக்காந்து துருவுவாங்க. அதுல இந்த முன்பக்கம் மட்டும்தான் இருக்கும்" என்றார். பிறகு வெட்டுவாயைக் காட்டி, "ரெண்டையும் ஒண்ணாச் சேத்தது யாரு? கெட்டிக்காரன்" என்றார்.

ரசீதில் வாள் என்பதை அடித்துவிட்டுச் சமையல் சாமான் என்று எழுதினார்கள். துருவிய தேங்காயை நிலையத்துக்கே கொடுத்துவிட்டேன். கம்பிக்குள் இருந்தவரும் கை நீட்டி ஒரு பிடி வாங்கிக்கொண்டார்.

5

பஸ் நிறுத்தத்தில் அரிவாள்மணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாட்டி, சட்டம் ஜெயிச்சிட்டுல்லா?" என்றேன்.

பவித்ரா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டம் இல்லம்மா. உன் தேங்காய் ஜெயிச்சுது. என் மூணு மனுவும் அந்தத் தட்டுல அப்படியே இருக்கு, ஒருத்தரும் பிரிக்கல. நீ நல்ல பொம்பளைன்னு பிடிச்சுப்போச்சு, குடுத்துட்டாங்க. தேங்காய் துருவத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? பிடிக்காத மூஞ்சி உள்ளவங்க?"

பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அவள் போய்விட்டாள். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேசைக்காலுக்கு இப்போது செங்கல். விமான நிலையத்தில் அழக் கூடாது என்று வீட்டிலேயே அழுது முடித்துவிட்டுப் போனேன், அங்கே போய் மறுபடியும் அழுதேன். ஆக்லாந்தில் படிப்பை முடித்து, வக்கீலாகி, கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தமிழில் 'பாட்டி', 'போதும்' என்று இரண்டு வார்த்தை தெரியும். சாப்பாடு போடும்போது இரண்டாவது வார்த்தை நன்றாக வருகிறது.

வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாள். ஒரு வாரம் இருக்கிறாள். 'வீட்டுக்கு வர்றேன்' என்று சொல்ல மாட்டாள், 'ஃபிஜிக்கு வர்றேன்' என்பாள். அது எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

ஆனால் வெள்ளிக்கிழமை கோயில் முடிந்ததும் என் போன் வழியாக அவளுடைய தர்பார் நடக்கும். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். டாக்சியை நிறுத்திப் பையைத் திற என்றால் திறக்கணுமா? போலீஸ் கூப்பிட்டால் உடனே போகணுமா? அவள் பொறுமையாகச் சொல்வாள். எதற்காக என்று கேளுங்கள். வாரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். சில விஷயத்துக்கு வாரண்ட் இல்லாமலும் வர முடியும், அப்படியென்றால் எந்தச் சட்டம் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், தள்ளுமுள்ளு வேண்டாம். நீங்களாக வா என்று கூப்பிட்டால் அது சம்மதம். இதைச் சொல்லும்போது மட்டும் ஆறுமுகம் எழுந்து செருப்பு மாட்டப் போய்விடுவார். ஒரு தடவை ஓர் அம்மாள், மருமகள் போனை எடுத்துப் பார்க்க எனக்கு உரிமை உண்டா என்று கேட்டார். அதற்கும் பவித்ரா பதில் சொன்னாள், அந்த அம்மாள் அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை.

6

சரி, கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு வருவோம்.

இரண்டு பேரும் வாலிபர்கள். பெரியவருக்கே என் பேரனைவிடப் பத்து வயசுதான் கூட இருக்கும். "புலா, மராமா" என்று வணக்கம் சொன்னார், மராமா என்றால் அம்மா. "இந்தப் பக்கம் இஞ்சி மூட்டை திருட்டுப் போயிருக்கு. உங்க பின்பக்கத்து ஷெட்டைக் கொஞ்சம் பாக்கணும்."

எங்கள் ஷெட்டில் எங்கள் இஞ்சியே மூட்டை மூட்டையாக இருக்கிறது. அவர் கை கேட்டின் தாழ்ப்பாளுக்கு வந்துவிட்டது. நான் அரிவாள்மணையை விட்டு எழுந்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்த என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். அங்கேயே போய்க் குனிந்துகொள்ளலாமா என்றுகூட இருந்தது. வாய் வேறு தன் பாட்டுக்கு 'வாங்க, உள்ள வாங்க' என்று சொல்லத் தயாராக இருந்தது.

"வாரண்ட் இருக்கா தம்பி?" என்று இந்தியில் கேட்டேன்.

"இல்ல, மராமா."

"வாரண்ட் இல்லாம பாக்கலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அவர் கூட வந்தவரைப் பார்த்தார். கூட வந்தவர் தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து, "யாரு அது? மாய் கானா" என்று குரல் வந்தது.

"நீங்க கொஞ்சம் வாயை மூடுதேளா? இங்க சட்டம் நடந்துக்கிட்டு இருக்கு" என்று கத்தினேன்.

அந்தப் பிள்ளை தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். ஓர் அடி பின்னால் போய் நின்றார். "நீங்க சொல்றது சரி, மராமா. அது உங்க உரிமை. தேவைப்பட்டா வாரண்டோட வர்றோம். இப்ப இங்க நின்னே ரெண்டு கேள்வி கேக்கலாமா?"

கேட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார், இந்தப் பக்கம் நின்று பதில் சொன்னேன். எங்கள் இஞ்சி எங்கள் நிலத்தில் விளைந்தது, யாருக்கு விற்கிறோம், எல்லாம் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கிளம்பியவர்களை நிறுத்தி, ரொட்டியும் காலையில் வைத்த பருப்பும் இரண்டு தட்டில் போட்டு, கேட்டுக்கு மேலாக நீட்டினேன். கேட்டைத் திறக்கவில்லை. வெளியே நின்றே சாப்பிட்டார்கள்.

கையைக்கூடக் கழுவாமல் பவித்ராவுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை, பிள்ளைகளை விளையாட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள், பின்னால் ஒரே இரைச்சல். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் என் மகள் வக்கீல் ஆகிவிட்டாள்.

"நில்லு. சாப்பாடு குடுத்தேன்னு சொன்னியே, எப்ப குடுத்தே?"

"அவங்க கிளம்புறப்போ."

"கையை எடுத்தது எப்போ? சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

"உன்னை அவனுக்கு முன்னமே தெரியுமா? அப்பாவைத் தெரியுமா?"

"ஒருத்தரையும் தெரியாது. புதுப் பிள்ளைக. மூஞ்சியே இன்னைக்குத்தான் பாக்கேன்."

"அவனாவே பின்னால போனானா? நீ எதுவும் குடுக்காம, கெஞ்சாம, சிரிக்காம?"

"இந்த நைட்டியோட சிரிக்க வேற செய்யணுமா? கேட்டேன், நின்னுட்டான்."

போனில் பிள்ளைகள் எங்கோ கத்தினார்கள், யாரோ விசில் ஊதினார்கள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"திரும்பச் சொல்லும்மா" என்றாள். தமிழில் கேட்டாள், இது என் மொழிபெயர்ப்பு இல்லை.

"முதல்ல நின்னாம்ட்டி" என்றேன். "அப்புறந்தான் சாப்பிட்டான்."